கோக்ஸைடே மணலும் நாமூர் சேறும்

கோக்ஸைடே பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், வட கடலோரத்தில் இருக்கிறது. நாமூர் மியூஸ் ஆறும் சாம்ப்ர ஆறும் கூடும் இடத்தில், ஒரு பாறைக் கோட்டையின் அடியில் இருக்கிறது. இரண்டு ஊரும் சைக்ளோகிராஸுக்குப் பேர்போனவை. முதல் ஊரில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது மணல், இரண்டாவது ஊரில் சேறு. விளையாட்டு ஒன்றுதான், சர்வதேசச் சைக்கிள் சங்கமான யுசிஐ விதித்த டயர் அகல வரம்பும் ஒன்றுதான். ஆனாலும் மணலுக்கென்று தயார் செய்த சைக்கிளைக் கோட்டை மேட்டுக்குக் கொண்டுபோனால் முதல் சுற்று முடிவதற்குள் அதன் குறை தெரிந்துவிடும். சேற்றுக்கென்று தயார் செய்ததை மணலுக்குக் கொண்டுபோனாலும் அப்படியே.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. அதில் புல், மண், மணல், சேறு, படிக்கட்டு, 40 சென்டிமீட்டருக்கு மிகாத பலகைத் தடுப்பு எல்லாம் வரும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். பந்தய சைக்கிளைப் போலவே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் அகலம், சேறு அடைக்காத இடைவெளி. பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை. தொழில்முறை ஆண்களுக்குப் போட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம். அமெச்சூர்களுக்குப் பெரும்பாலும் 40, 45 நிமிடம். பிரான்ஸில் 1902-இலேயே தேசியப் போட்டி நடந்துவிட்டது. முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிஸில். அதை வென்றவர் அதற்கு முன்பே டூர் டி பிரான்ஸையும் வென்றிருந்த ழான் ரொபிக்.

இந்த இரண்டு தடத்திலும் ஓட்டப்போகாத அமெச்சூர் இவற்றை ஏன் கவனிக்க வேண்டும்? உள்ளூர்ப் போட்டிகள் எல்லாம் இவற்றின் சிறு நகல்கள் என்பதால்தான். பூங்காவில் போட்டி நடத்துகிறவர்கள் அங்கிருக்கும் வாலிபால் மணல்தளத்தைத் தடத்தோடு சேர்த்துவிடுவார்கள்: இருபது மீட்டர் கோக்ஸைடே. பக்கத்துப் புல்மேட்டின் சரிவில் டேப் கட்டி வளைத்து வளைத்து விடுவார்கள். காலையில் சிறுவர்கள், பிறகு மூத்தோர், பிறகு பெண்கள் என்று ஒவ்வொரு பிரிவாக ஓடி முடிக்கையில் புல் போய் வழுக்கும் மண் மட்டும் மிஞ்சும்: அது ஒரு துண்டு நாமூர். பெரிய தடங்களில் விடை தெளிவாகத் தெரிகிறது. சிறிய தடங்களில் அந்த விடைகளைக் கலந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது கியரைப் பற்றி. முன்னால் ஒரு செயின்வீலா, இரண்டா? எத்தனை பல்? பின்னால் பற்சக்கர அடுக்கான கேசட் எவ்வளவு பெரிது? கடைக்காரர்களும் அதைத்தான் பேசுவார்கள், விலை அதிகம். டயரைப் பற்றிய கேள்வி கடைசியில் வரும், காற்றழுத்தத்தைப் பற்றிய கேள்வி வரவே வராது. இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. எந்தக் கியர் பயன்படும் என்பதையே டயர்தான் தீர்மானிக்கிறது. அதை இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கோக்ஸைடே தடம் விமானப்படைத் தளத்தை ஒட்டிய மணற்குன்றுகளுக்குள் போகிறது. 1994-இலும் 2012-இலும் உலகப் போட்டி அங்கே நடந்தது. 2012-இல் நீல்ஸ் ஆல்பெர்ட் வென்றார். அவர் மட்டுமல்ல, முதல் ஏழு இடமும் பெல்ஜியத்துக்காரர்களுக்கே போனது. மற்ற நாட்டவரின் கால்களில் வலு குறைந்திருக்க வாய்ப்பில்லை. மணலில் ஓட்டும் பழக்கம்தான் அவர்களிடம் குறைந்திருந்தது.

உலர்ந்த மணலில் டயர் புதைகிறது. புதைந்த டயர் தனக்கு முன்னால் ஒரு சின்ன மணல் மேட்டைத் தள்ளிக்கொண்டே நகர்கிறது. தரை சமமாகவே இருந்தாலும் சக்கரத்துக்கு அது முடிவில்லாத ஏற்றம். புதையாமல் இருக்க அகலம் வேண்டும். ஆனால் யுசிஐ போட்டிகளில் டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அகலத்தைக் கூட்ட முடியாதபோது காற்றைக் குறைப்பதே வழி. தொழில்முறை வீரர்கள் மணலுக்கு 15, 18 பிஎஸ்ஐ வரைகூட இறக்குகிறார்கள். பெட்ரோல் பங்கில் மோட்டார் சைக்கிளுக்கு 28, 30 என்று வைக்கச் சொல்கிறோமே, அதில் பாதி சொச்சம். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் பள்ளமாகும். இந்த அழுத்தத்தில் டயர் தரையில் நீளவாக்கில் பரந்து படிகிறது. மணலைக் கிழிக்காமல் அதன் மேல் ஏறிப் போகிறது.

இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை தவறாகிவிடுகிறது. பிடிப்பு வேண்டும், ஆகவே பட்டன் டயர் போடலாம் என்று நினைப்போம். பட்டன் எதையாவது கவ்வினால்தான் பயன். உலர் மணலில் கவ்வுவதற்கு என்ன இருக்கிறது? அது தோண்டத்தான் செய்யும். கோக்ஸைடேயில் நன்றாக ஓடுவது அரத்தின் முகம்போல நுண்ணிய வரிகள் மட்டுமே உள்ள அரவரி டயர்: டூகாஸ்ட்டின் பிபிஸ்ட்ரெல்லோ, சாலஞ்சின் டியூன் மாதிரி. மழை பெய்தால் கதை மாறும். நனைந்த மணல் இறுகும், வேகம் கூடும், காற்றையும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். சைக்ளோகிராஸில் மழை வந்தால் தடம் எளிதாவது மணலில் மட்டும்தான்.

நாமூரில் உலகக் கோப்பைச் சுற்று டிசம்பரில், கோட்டை மேட்டில் நடக்கும். ஒரு காலத்தில் மோட்டோகிராஸ் பந்தயங்களுக்கும் அதே மேடுதான் களம். ஏற்றம், இறக்கம், மர வேர்கள், கல் பாவிய பாதைத் துண்டுகள், நடுவே எல்லோரும் படம் பிடிக்கும் அந்தப் பக்கவாட்டுச் சரிவு. மேட்டின் குறுக்கே போகிறது தடம். சக்கரம் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். நூறு சக்கரங்கள் போன பின் அதில் ஒரு பள்ளக் கோடு விழும். அதற்குள் சக்கரத்தை வைத்தால் தப்பலாம். வெளியே போனால் கீழே கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

சேறு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், டயருக்கு அது இரண்டு வேறு பொருள். தண்ணீராய் ஓடும் சகதியில் பட்டன் உள்ளே இறங்கி அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தொட வேண்டும். அங்கே உயரமான பட்டன் உதவும். பாதி காய்ந்த களிச்சேறு வேறு ஜாதி. அது பட்டன்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் பட்டன் டயர் மொழுக்கை டயராகிவிடும். அங்கே பட்டனின் உயரத்தைவிட பட்டன்களுக்கு இடையிலுள்ள தூரமே முக்கியம், சுழலும்போது சேறு தானாகக் கழன்று விழ வேண்டும். டூகாஸ்ட் ரைனோ, சாலஞ்ச் லிமஸ் போன்ற சேற்று டயர்கள் இதற்காகவே இடைவெளி விட்டு வார்க்கப்பட்டவை. பக்கவாட்டுச் சரிவிலோ நடுப்பட்டனுக்கு வேலையே இல்லை. ஓரத்துப் பட்டன்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன.

அழுத்தத்தில்தான் இரண்டு ஊரும் நிஜமாகப் பிரிகின்றன. சேற்றிலும் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் நாமூரில் சேற்றுக்கு அடியில் வேரும் கல்லும் உண்டு. மணலில் வைத்த 16 பிஎஸ்ஐயோடு இறக்கத்தில் வந்து கல் விளிம்பில் மோதினால் டயர் முழுதும் அமுங்கி ரிம் தரையைத் தொடும். டியூப் உள்ள டயராக இருந்தால் அங்கேயே பஞ்சர். கோக்ஸைடேயில் அழுத்தத்துக்குக் கீழ் எல்லையை வைப்பது டயரின் உறுதி. நாமூரில் அந்த எல்லையை வைப்பது கல். 2017-இல் லக்ஸம்பர்கின் பீலஸ் ஊரில் நடந்த உலகப் போட்டியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. உறைந்திருந்த மண் இளக, உள்ளிருந்த கற்கள் தலைகாட்டின. முன்னணியில் இருந்த மாத்யூ வான் டெர் பூலுக்குப் பஞ்சர்மேல் பஞ்சர். வவுட் வான் ஆர்ட் வென்றார். 2021-இல் ஒஸ்டெண்ட் கடற்கரையில் அதே இருவர் மோதியபோது பஞ்சரானது வான் ஆர்ட்டின் டயர். வென்றது வான் டெர் பூல்.

டயர் வகைக்கு வருவோம். தொழில்முறையில் நீண்ட காலமாக டியூபுலர்தான்: டியூபை உள்ளே வைத்துத் தைத்து, முழு டயரையும் ரிம்மில் பசை போட்டு ஒட்டுவது. அந்த ரிம்முக்கு உயர்ந்த ஓரம் கிடையாது. ஆகவே கல்லில் மோதினாலும் டியூப் கிள்ளப்படும் வாய்ப்பு குறைவு. காற்று போனாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலாது, மெதுவாக உருட்டிக்கொண்டு, சைக்கிள் மாற்றும் இடமான பிட் வரை போகலாம். பருத்தி நூல் உடலோடு கையால் செய்த நல்ல டியூபுலர் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதுபோல வேறெதுவும் கொடுப்பதில்லை. இதை டியூப்லெஸ் கட்சிக்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒட்டுவது ஒரு தவம். ரிம்மில் மெல்லிய பசைப் பூச்சு, காயவைத்தல், மறுபடி பூச்சு; டயரின் அடித்துணியிலும் அதேபோல. சைக்ளோகிராஸின் குறைந்த அழுத்தத்தில் பசை மட்டும் போதாது என்று நடுவே ஒரு துணிப் பட்டையையும் வைத்து ஒட்டுகிறார்கள். நாலைந்து நாள் வேலை. ஒரு டயரின் விலை 100 யூரோவைத் தாண்டும். மணலுக்கு ஒரு ஜோடி, சேற்றுக்கு ஒரு ஜோடி, நடுத்தரத்துக்கு ஒன்று என்று வைத்தால் மூன்று ஜோடிச் சக்கரம் வேண்டும். தொழில்முறை அணிக்கு அது சாதாரணம். வார நாளில் அலுவலகம் போய், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் காரில் ஏற்றி வருகிறவருக்கு?

டியூப்லெஸ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. டியூப் இல்லை, ஆகவே கிள்ளப்படுவதற்கும் ஒன்றும் இல்லை; உள்ளே ஊற்றிய சீலண்ட் முள் குத்தின ஓட்டையை அடைத்துவிடும். சனிக்கிழமை மாலை டயரை மாற்றி ஞாயிறு காலை ஓட்டலாம். குறை ஒன்று உண்டு. மிகக் குறைந்த அழுத்தத்தில் பக்கவாட்டில் அழுந்தும்போது டயரின் ஓரம் ஒரு கணம் ரிம்மைவிட்டு விலகி, காற்று 'புஸ்'ஸென்று போகும். அது எங்கே நடக்கும்? மணலில் அல்ல, மணலில் நேராகத்தான் போகிறோம். நாமூர் மாதிரியான சரிவில், கெட்டித் தரையின் இறுக்கமான திருப்பத்தில். டியூபுலரும் டியூப்லெஸும் கோக்ஸைடேயில் ஏறக்குறைய சமம் என்றால், நாமூரில் டியூபுலர் ஒரு படி மேல். அந்த ஒரு படிக்காக அமெச்சூர் ஒருவர் பசை டப்பாவோடு குடும்பம் நடத்த வேண்டுமா என்பது வேறு கேள்வி. வேண்டாம் என்பேன். டியூப்லெஸ்ஸுக்குப் பொருத்தமான ரிம்மைத் தேர்ந்து, மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட வைத்துக்கொண்டால் போதும். 60 கிலோ எடையுள்ளவர் 22-இல் தொடங்கலாம், 80 கிலோ உள்ளவர் 27, 28-இல். டியூப் போட்டே ஓட்டுகிறவர்கள் 30-க்குக் கீழே இறங்குவது ஆபத்து. அவர்கள் இழக்கும் பிடிப்பை எந்த விலையுயர்ந்த கியரும் ஈடுகட்டாது.

இப்போதுதான் கியர். ஏற்றத்தில் சிறிய கியர் போட்டால் எளிதாக ஏறலாம் என்பது தார்ச்சாலை நியாயம். நாமூரின் சேற்று ஏற்றத்தில் கியர் சிறிதாக ஆக, ஒவ்வொரு மிதியும் பின்சக்கரத்தை அதிக வலுவோடு திருப்புகிறது. டயரால் அந்த வலுவைத் தரைக்குக் கடத்த முடியாவிட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். அரவரி டயரோடு நாமூரில் ஏறுகிறவருக்கு முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்ற சிறிய கியர் இருந்தும் பயனில்லை. அவர் அந்தக் கியரைப் போடும் முன்பே வழுக்கி இறங்கியிருப்பார். சேற்று டயரும் சரியான அழுத்தமும் உள்ளவருக்குத்தான் அது கியர். டயரை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

கணக்கையும் போட்டுவிடலாம். 33 மில்லிமீட்டர் டயரோடு சக்கரம் ஒருமுறை சுற்றினால் 2.15 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெகுகாலம் சைக்ளோகிராஸின் வழக்கமான அமைப்பு முன்னால் 46, 36 பல் உள்ள இரண்டு செயின்வீல்; பின்னால் 11 முதல் 28 வரை. இதில் பெரிய கியர் ஒரு மிதிக்கு 9 மீட்டர், சிறிய கியர் 2.76 மீட்டர். ஒற்றைச் செயின்வீல் பரவலானது 2014-இல் ஸ்ராம் நிறுவனம் சிஎக்ஸ்1 என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு. அதற்கு முன்பே அமெச்சூர்கள் பலர் ஒரே செயின்வீலை இரண்டு காப்பு வளையங்களுக்கு நடுவே பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கைவேலைக்கு நிறுவனம் தாமதமாக முத்திரை குத்தியது என்றும் சொல்லலாம். முன்னால் 40, பின்னால் 11 முதல் 36 என்று வைத்தால் பெரிய கியர் 7.8 மீட்டர், சிறியது 2.4 மீட்டர்.

பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். இரட்டையில் 3.25 மடங்கு, ஒற்றையில் 3.27. ஒரு செயின்வீலையும் முன் கியர்மாற்றியையும் கழற்றிவிட்ட பிறகும் வீச்சு குறையவில்லை. முழு வீச்சும் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே. அமெச்சூருக்கு வேண்டியது அதுதான். 40-க்கு 11-இல் நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் மணிக்கு 42 கிலோமீட்டர். புல்வெளியில் அதைத் தாண்டும் வேகம் அமெச்சூர் போட்டியில் இறக்கத்தில் தவிர எங்கே வரப்போகிறது? இறக்கத்திலோ மிதிக்காமலே போகலாம்.

கீழ்ப்பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 40-க்கு 36-இல் நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 8.6 கிலோமீட்டர். 42 பல் கேசட் போட்டால் 7.4. அந்த வேகத்தில் ஏறுவதைவிட இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டு ஓடினால் முந்திவிடலாம், ஓடிப் பழகியவராக இருந்தால். பழகாதவருக்கு, 45 வயதில் முதல் பருவம் ஓட்டுகிறவருக்கு, 42 பல் ஒரு வரம். இதில் பெருமை பார்க்க வேண்டியதில்லை.

இரட்டையின் பக்கம் வாதமே இல்லையா? உண்டு. 11-28 கேசட்டில் பற்கள் நெருங்கி இருக்கும். 11-42-இல் 24-லிருந்து அடுத்தது 28, அது ஆறில் ஒரு பங்குத் தாவல். சாலைப் பந்தயத்தில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக மிதிக்கும்போது அந்தத் தாவல் காலை உறுத்தும். சைக்ளோகிராஸில் ஒரே வேகம் என்பது கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, எழுந்து, பாய்ந்து, மறுபடி பிரேக். மிதிவேகம் ஒவ்வொரு இருபது நொடியிலும் 50-க்கும் 110-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. அதற்கு நடுவே ஒரு பல் கூடக் குறைய இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைகளில் நடக்கும் த்ரீ பீக்ஸ் போன்ற 61 கிலோமீட்டர் போட்டிக்குப் போகிறவருக்கு இரட்டை உதவும்; நடுவில் நீண்ட சாலைப் பகுதிகள் உண்டு. அதே சைக்கிளில் தினம் வேலைக்குப் போகிறவருக்கும் உதவும்.

மற்றபடி, இரட்டைக்கு எதிரான பெரிய வாதம் சேறுதான். முன் கியர்மாற்றி இருக்கும் இடம் பின்சக்கரம் வாரி வரும் சேறும் புல்லும் வந்து தங்குகிற இடம். களிச்சேற்று நாளில் அங்கே ஒரு கைப்பிடிப் புல் சிக்கினால் செயின் சிறிய சக்கரத்துக்கு இறங்காது, அல்லது இறங்கி ஏறாது. நாமூரில் தொழில்முறை வீரர் இதற்கு என்ன செய்கிறார்? பாதிச் சுற்றுக்கு ஒருமுறை பிட்டுக்குள் நுழைந்து, சேறு படிந்த சைக்கிளை எறிந்துவிட்டு, கழுவிய சைக்கிளில் ஏறிப் போகிறார். அங்கே மெக்கானிக்குகள் உயரழுத்தத் தண்ணீர்க் குழாயோடு காத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் அவர் சைக்கிளில் இரண்டு செயின்வீல் இருப்பதைப் பார்த்துவிட்டு நாமும் அதையே வாங்குகிறோம். பிட்டில் நிற்கும் மற்ற சைக்கிள்களை யாரும் வாங்குவதில்லை! ஒரே சைக்கிளில் 45 நிமிடமும் ஓட்ட வேண்டியவருக்கு, சேறு சிக்கக்கூடிய ஒரு பொறி குறைந்தால் அது தனி லாபம். ஒற்றைச் செயின்வீலின் பற்கள் தடித்தும் மெலிந்தும் மாறி மாறி இருப்பதால் செயினை விடாமல் பிடிக்கின்றன. பின் கியர்மாற்றியில் கிளட்ச் இருந்தால் குலுக்கலிலும் செயின் தளராது. தோளிலிருந்து சைக்கிளைத் தடாலென்று கீழே போட்டு ஏறும்போது செயின் கழன்றிருப்பதைப் பார்க்கும் கொடுமை இவற்றால் பெரும்பாலும் ஒழிந்தது.

மணலில் கியர் வேறு பாடம் சொல்கிறது. கோக்ஸைடேயில் எந்தக் கியர் இருக்கிறது என்பதைவிட எப்போது மாற்றினோம் என்பதே பெரிது. மணல் தொடங்கும் இடத்தில் வேகம் சட்டென்று விழும். அதற்குமுன் கெட்டித் தரையிலேயே கியரைத் தேர்ந்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு, முழுப் பாரமும் செயினில் இருக்கும்போது மாற்றினால் அது தாவாது, அல்லது ஒரு கணம் மிதி தளரும். அந்தக் கணம் போதும், சக்கரம் புதைய. மிகச் சிறிய கியரோடு நுழைந்தால் கால் விர்ரென்று சுற்றும், பின்சக்கரம் குழி தோண்டும். சற்றுக் கனமான கியரில், எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரைப் பலமாகப் பிடிக்காமல், ஒரே சீராக மிதித்துக்கொண்டு போக வேண்டும். முன்னால் போனவரின் சுவடு இருந்தால் அதிலேயே போவது நல்லது. ஆகவே மணல் தடம் கியரில் கேட்பது நடுப்பகுதியை மட்டும். ஒற்றையோ இரட்டையோ, 36 பல்லோ 42 பல்லோ, கோக்ஸைடேயில் வித்தியாசம் தெரியாது.

ஆகவே ஒரே சைக்கிள் வைத்திருப்பவர் கியரை நாமூருக்காக வாங்கலாம், கோக்ஸைடே அதை மறுக்காது. முன்னால் 40, கால் வலுவுள்ளவர் 42. பின்னால் 11-36, ஏற்றம் மிகுந்த வட்டாரத்தில் 11-42. ஒருமுறை பூட்டினால் பருவம் முழுக்க அதைத் தொட வேண்டியதில்லை. டயரில் அப்படி ஒரு நடுவழி கிடையாது. மணல் டயர் நாமூரில் உதவாது; நாமூர் டயர் கோக்ஸைடேயில் தோண்டும். இரண்டு ஜோடி வாங்கப் பணம் இருந்தால் ஒன்று கிரிஃபோ, டைஃபூன் மாதிரியான நடுத்தரப் பட்டன், இன்னொன்று சேற்று டயர். அரவரி டயரை அமெச்சூர் விட்டுவிடலாம். வாலிபால் தளத்தின் இருபது மீட்டரை அழுத்தத்தைக் குறைத்தும் கடக்கலாம், இறங்கி ஓடியும் கடக்கலாம். ஒரே ஒரு சேற்று டயருக்குத்தான் பணம் என்றால் அதை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வேகம் போகும், முன்சக்கரம் வழுக்கினால் ஆளே போவார்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 33 என்பது யுசிஐ கட்டுப்பாடு. உள்ளூர் லீக்குகள் பலவற்றில் அளவுகோலை நீட்டிப் பார்க்க யாரும் வருவதில்லை. 35, 38 போட்டாலும் அனுமதிக்கிறார்கள். அப்படியானால் போடலாம், சட்டகத்தில் சேறு வழிய இடம் இருந்தால் மட்டும். அகல டயரை நெருக்கமான சட்டகத்தில் திணித்தால் களிச்சேற்று நாளில் சக்கரமே சுற்றாது. மணலில் கிடைக்கும் லாபத்தை நாமூர் அப்படி வட்டியோடு திருப்பி எடுத்துக்கொள்ளும்.

அழுத்தத்தைத் தீர்மானிக்கும் இடம் வீடு அல்ல, தடம். காற்றடிக்கும் பம்பில் இருக்கும் மானி 20 பிஎஸ்ஐக்குக் கீழே நம்பத் தகாதது. டிஜிட்டல் மானி ஒன்று தனியாக வேண்டும், இந்த விளையாட்டில் செலவிடும் பணத்தில் மிகப் பயனுள்ள பணம் அது. தடத்தைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் பந்தய வேகத்தில் ஒரு சுற்று போங்கள். ரிம் எங்கும் தரையைத் தொடவில்லை என்றால் காற்று அதிகம். ஒரு பிஎஸ்ஐ குறைத்து மறுபடி போங்கள். மிகக் கரடான வேரிலோ கல்லிலோ சுற்றுக்கு ஒருமுறை ரிம் மெல்லத் தொடும் அளவுக்கு வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று இடத்தில் தொட்டால் குறைத்தது போதும், ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள். முன்டயரில் பின்டயரைவிட ஒன்றோ இரண்டோ குறைவு.

காலையில் சரியாக இருந்தது மதியத்தில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இடையில் மழை பெய்யலாம், உறைந்த தரை இளகலாம். ஆகவே தொடக்கக் கோட்டுக்குப் போகும்போது தேர்ந்த அளவைவிட ஒரு பிஎஸ்ஐ கூடுதலாகவே வைத்துக்கொண்டு போவது நல்லது. அங்கே நின்றபடி வால்வை ஒரு தட்டுத் தட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டுவதற்குக் கோட்டில் யாரிடமும் பம்ப் இருக்காது.